கருவி மாறும்போது அனுபவம் எங்கே போகிறது?

1926இல் ஜார்ஜ் பார்னெட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இயந்திரமும் உழைப்பும் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துவந்தவர் அவர். அச்சுக்கோப்பு, கல் செதுக்கும் வேலை, கண்ணாடிப் புட்டி ஊதும் வேலை என்று மூன்று தொழில்களை அந்நூலில் எடுத்துக்கொண்டார். மூன்றும் தேர்ந்த கைகளின் வேலை. ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நின்று பழகாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. மூன்றிலும் சில பத்தாண்டுகளுக்குள் இயந்திரம் வந்தது. அச்சுக்கோப்பவர்கள் தப்பினார்கள், இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து முன்னைவிட நல்ல நிலைக்கும் போனார்கள். புட்டி ஊதியவர்களின் தொழிலோ ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

அனுபவம் பெரிதா, மாற்றத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும் திறன் பெரிதா என்று இன்று அலுவலகங்களில் நடக்கும் விவாதத்துக்கு, நூறாண்டுப் பழைய இந்த ஆய்வு நேராகப் பொருந்துகிறது. அந்த விவாதம் இரண்டையும் மனிதர்களின் குணங்களாகவே பார்க்கிறது. ஐம்பது வயதுக்காரரிடம் அனுபவம் இருக்கும், இருபத்தைந்து வயதுக்காரரிடம் நெகிழ்வு இருக்கும், நிறுவனம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. ஆனால் அச்சுக்கோப்பவர்கள் பிறவியிலேயே நெகிழ்வானவர்கள், புட்டி ஊதியவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க ஆதாரம் ஏதுமில்லை. வேறுபாடு இயந்திரத்திலும் அது வந்த விதத்திலும் இருந்தது. அனுபவத்துக்குப் பல அடுக்குகள் உண்டு. புதிய கருவி அவற்றில் எதை விட்டுவைக்கிறது, கற்றுக்கொள்ளும் காலத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டுமே ஒருவர் 'மாறத் தெரிந்தவரா' என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன.

இயந்திரம் எதை விட்டுவைத்தது?

ஓட்மார் மெர்கன்தாலர் வடிவமைத்த லைனோடைப் 1886இல் 'நியூயார்க் ட்ரிபியூன்' நாளிதழில் வேலைக்கு வந்தது. அதுவரை ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் பிரித்து, எழுத்துப் பெட்டியின் அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். லைனோடைப்பில் விசையைத் தட்டினால் எழுத்தின் பித்தளை அச்சுகள் வரிசையாக வந்து விழும். ஒரு வரி நிறைந்ததும் உருகிய ஈயக் கலவை பாய்ந்து, முழு வரியும் ஒரே கட்டியாக வார்ந்து வெளியே வரும். பொறுக்கும் வேலையும் பிரிக்கும் வேலையும் போயின. எழுத்து எந்த அறையில் இருக்கிறது என்று பார்க்காமலே எடுக்கும் விரல்களுக்கு அதன்பின் மதிப்பில்லை.

ஆனால் கோப்பவரின் வேறு சில அறிவுகளுக்கு மதிப்பு கூடியது. கிறுக்கலான கையெழுத்துப் பிரதியைப் படிப்பது, ஆசிரியரின் எழுத்துப்பிழையை ஓட்டத்திலேயே பிடிப்பது, நிறுத்தக்குறியை இடம் அறிந்து போடுவது, சொல்லை எங்கே உடைக்கலாம் என்று வரி முடிவதற்குள் முடிவெடுப்பது ஆகியவை அவை. கைக்கோப்பில் ஓர் எழுத்து தவறினால் அந்த ஒன்றை மாற்றிவிடலாம். லைனோடைப்பில் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும். எனவே வேகமாகத் தட்ட மட்டும் தெரிந்த ஒருவரைவிட, தொழில் தெரிந்த பழைய ஆளே முதலாளிக்கு லாபமாக இருந்தார். அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கமான இன்டர்நேஷனல் டைப்போகிராஃபிகல் யூனியன் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. இயந்திரத்தைத் தடுக்க நிற்காமல், அதை இயக்குபவர் தொழில் பயின்ற அச்சுக்கோப்பவராகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. செலவு குறைந்ததால் நாளிதழ்களின் பக்கங்களும் பிரதிகளும் பெருகின, வேலையும் பெருகியது.

கண்ணாடித் தொழிலில் நடந்தது வேறு. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்கில் உருவாக்கிய தானியங்கி, உலையிலிருந்து உருகிய கண்ணாடியைத் தானே உறிஞ்சி எடுத்து, தானே ஊதி, புட்டியாக்கித் தள்ளியது. எவ்வளவு கண்ணாடியைக் குழாய் நுனியில் திரட்டுவது, எந்தப் பதத்தில் மூச்சைச் செலுத்துவது என்பவையே ஊதுபவரின் அறிவு. அது முழுவதும் இயந்திரத்துக்குள் போய்விட்டது. அவருக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. கல் செதுக்குபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். அவர்களுடைய சங்கம் கல் இழைக்கும் இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தவே பல காலம் போராடியது. கடைசியில் இயந்திரமே வென்றது.

அப்படியானால் தொழில் அனுபவத்தைக் குறைந்தது இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கருவியோடு ஒட்டியது: விரல், தசை, சாதனத்தின் குணம். இன்னொன்று வேலையின் நோக்கத்தோடு ஒட்டியது: எது நல்ல பக்கம், எது பிழை, எங்கே சிக்கல் வரும் என்ற தீர்ப்பு. முதலாவது கருவியோடு போகும். இரண்டாவது கருவி மாறினாலும் நிற்கும், புதிய கருவி அதற்கு ஓர் இடம் வைத்திருந்தால்.

ஈயத்திலிருந்து திரைக்கு

அதே அச்சுக்கோப்பவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டாவது அலை வந்தது. 1970களில் ஒளி அச்சுக்கோப்பும் கணினியும் நாளிதழ்களுக்குள் நுழைந்தன. லைனோடைப்பின் விசைப்பலகையில் 90 விசைகள். சிறிய எழுத்துகள் ஒரு பக்கம், பெரிய எழுத்துகள் இன்னொரு பக்கம். புதிய கருவியிலோ சாதாரணத் தட்டச்சுப் பலகை. இருபது, முப்பது ஆண்டு விரல்களில் ஊறிய அடுக்கு ஒரே நாளில் தடையாக மாறியது. பக்கம் கட்டும் வேலையும் மாறியது. ஈயக் கட்டிகளைத் தலைகீழாகப் படித்தபடி இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கியவர்கள், ஒளிப்படத் தாளில் வந்த பத்திகளைக் கத்தியால் வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டியதாயிற்று.

லண்டன் நாளிதழ்களின் அச்சுக்கோப்பவர்களோடு பேசி சிந்தியா காக்பர்ன் 1983இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாற்றத்தின் உட்புறத்தைக் காட்டுகிறது. அவர்களை வருத்தியது புதிதாகக் கற்பதன் சிரமம் மட்டுமாக இருக்கவில்லை. தட்டச்சு பெண்களின் வேலை என்று பழகியிருந்த ஆண்கள், அதே பலகையின் முன்னால் உட்காரும்போது தங்கள் தகுதியே கரைவதாக உணர்ந்தார்கள். அதே தொழிலில் பெண்களை நுழையவிடாமல் நீண்ட காலம் காத்துவந்ததும் அவர்களே என்பதை காக்பர்ன் மறைக்கவில்லை. அனுபவத்துக்கு மதிப்புக் கேட்கும் குரலில் சில நேரம் வேலியைக் காக்கும் குரலும் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்காத ஆய்வு முழுமையாகாது.

பழக்கம் எப்போது கட்டிப்போடுகிறது?

அனுபவம் மனத்தை இறுக்கிவிடும் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைச் சோதனை இதற்குப் பேர்பெற்ற சான்று. 21, 127, 3 என்று மூன்று அளவுக் குடுவைகளை வைத்துக்கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். பெரிய குடுவையை நிரப்பி, அதிலிருந்து முதல் குடுவையை ஒரு தடவையும் சிறியதை இரண்டு தடவையும் கழித்தால் விடை கிடைக்கும். இதே வழியில் தீரும் கணக்குகளைத் தொடர்ந்து கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 குடுவைகளால் 20 எடுக்கச் சொன்னார். 23இலிருந்து 3ஐக் கழித்தால் போதும். ஆனால் முந்தைய கணக்குகளில் பழகியவர்களில் மிகப் பலர் 49இலிருந்து 23ஐக் கழித்து, 3ஐ இரண்டு தடவை கழிக்கும் பழைய சுற்றுவழியிலேயே போனார்கள். பழகாதவர்கள் குறுக்குவழியை உடனே கண்டார்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டால் இளைஞர்கள் பக்கம் தீர்ப்பாகிவிடும். ஆனால் மெரிம் பிலாலிச்சும் சக ஆய்வாளர்களும் 2008இல் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் நடத்திய சோதனை கதையை நீட்டுகிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு தீர்வும், அதைவிடக் குறுகிய இன்னொரு தீர்வும் உள்ள நிலையை அவர்கள் பலகையில் வைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் தீர்வைக் கண்டதும் அதில் சிக்கினார்கள். இதைவிட நல்லதைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோதும், அவர்களின் கண்கள் பழைய தீர்வுக்குரிய கட்டங்களையே சுற்றின என்று கண்ணசைவுப் பதிவு காட்டியது. ஆனால் தரம் ஏற ஏறச் சிக்கல் தளர்ந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் குறுகிய வழியைக் கண்டார்கள். நடுத்தர அனுபவம் கட்டிப்போட்டது. மிக ஆழ்ந்த அனுபவம் அவிழ்த்துவிட்டது.

இந்த வேறுபாட்டுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் கியோ ஹதானோவும் காயோகோ இனாகாகியும் 1986இல் ஒரு சட்டகம் தந்தார்கள். ஒரே செயலைப் பிழையின்றி விரைவாகச் செய்வது ஒரு வகைத் தேர்ச்சி. மணிச்சட்டத்தில் மின்னல் வேகத்தில் கணக்குப் போடுபவர்களை ஹதானோ இதற்கு உதாரணமாகப் படித்திருந்தார். தான் செய்வது ஏன் பலிக்கிறது என்று அறிந்து, நிலைமை மாறும்போது முறையையும் மாற்றிக்கொள்வது இன்னொரு வகைத் தேர்ச்சி. இரண்டாவது வகை வளர, வேலையில் வகைவகையான சிக்கல்கள் வர வேண்டும். சோதித்துப் பார்த்துத் தவற இடம் இருக்க வேண்டும். செய்முறையோடு காரணமும் பேசப்பட வேண்டும். நெகிழ்வு என்பது அனுபவத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பதில்லை; ஒரு குறிப்பிட்ட விதமான அனுபவத்தின் விளைச்சல் அது. ஒருவரைப் பதினைந்து ஆண்டுகள் ஒரே இருக்கையில், ஒரே படிவத்தில், கேள்வி கேட்க விடாமல் வைத்திருந்துவிட்டு, பதினாறாவது ஆண்டில் 'உங்களுக்கு மாறத் தெரியவில்லை' என்பது நிறுவனம் தானே விதைத்ததை அவர் தலையில் கட்டுவது.

எல்லா அனுபவமும் அறிவாகிவிடுவதும் இல்லை. உள்ளுணர்வை நம்பாத டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைக் கண்டு வியந்த கேரி க்ளைனும் எதிரெதிர் நிலையிலிருந்து கூடி உழைத்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிபந்தனைகளில் அவர்கள் உடன்பட்டார்கள். வேலை நடக்கும் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று செய்தவருக்குத் தெரியவர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் ஆண்டுகள் கூடக்கூடத் தன்னம்பிக்கைதான் கூடும். 'நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்' என்று சொல்பவரிடம், என்ன பார்த்தீர்கள், உங்கள் முடிவின் பலன் உங்களுக்குத் திரும்பி வந்ததா என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

வயதும் வேகமும்

வயதானால் வேகம் குறையும் என்பது ஆய்வகத்தில் உண்மை. வேலைத்தலத்தில் அது அப்படியே பொருந்துவதில்லை. திமத்தி சால்ட்ஹவுஸ் 1984இல் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களைச் சோதித்தார். விரல் எதிர்வினையில் மூத்தவர்கள் மெதுவாகவே இருந்தார்கள். தட்டச்சு வேகத்திலோ பின்தங்கவில்லை. காரணம், அவர்கள் பிரதியில் சில எழுத்துகள் கூடுதலாக முன்னோக்கிப் படித்து விரல்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் வரப்போகும் எழுத்துகளை மறைத்தபோது அந்த ஈடு உடைந்தது. வேலையின் அமைப்பு முன்கூட்டிப் பார்க்க இடம் தரும்வரை அனுபவம் வயதை ஈடுகட்டும். அந்த இடத்தை அடைத்தால் வெறும் விரல் வேகம்தான் மிஞ்சும்.

ஜெர்மனியின் ஒரு கனரக வாகனத் தொழிற்சாலையில் ஆக்சல் போர்ஷ்-சூப்பானும் மத்தியாஸ் வைஸும் தொகுத்த பிழைக் கணக்கும் இதே திசையில் நிற்கிறது. பூட்டுவரிசையில் மூத்தவர்கள் சிறு பிழைகளைச் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள். பெரிய சேதம் தரும் பிழைகளைக் குறைவாகச் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயது வரை உற்பத்தித்திறன் சரிந்ததற்கு அடையாளம் இல்லை. நிலைமை கைமீறும் நேரத்தில் எதைச் செய்யக்கூடாது என்று அறிந்திருப்பதன் பயன், ஒழுங்காக ஓடும் நாள்களின் கணக்கில் தெரியாது.

கொம்பு முதலிலா, மெய் முதலிலா?

தமிழ் அச்சுலகத்தில் இதே கேள்வி மிகத் துல்லியமாக எழுந்தது. ஆங்கிலத்தைவிட எத்தனையோ மடங்கு அறைகள் கொண்ட கேஸ் என்ற எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்று கோத்தவர்கள் நம் கம்பாசிட்டர்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே கால் சேர்ந்தும் சங்கிலிக்கொம்பு சேர்ந்தும் வரத் தொடங்கின. கைக்கு அது வேலையைக் குறைத்த மாற்றம். தொழிலின் அடிப்படையைத் தொடவில்லை.

கணினி கொண்டுவந்த மாற்றம் ஆழமானது. ஈய எழுத்திலும் பழைய தட்டச்சுப் பொறியிலும் கண்ணில் தெரியும் வரிசைதான் வேலையின் வரிசை. 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையிலோ உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'க' அடித்து 'எ' அடித்தால் 'கெ' தானே உருவாகும். ஒருங்குறியும் மெய்யை முன்னும் கொம்பைப் பின்னுமாகத்தான் சேமிக்கிறது. கண் வரிசையிலிருந்து ஒலி வரிசைக்கு மாறுவது, விரலைப் பழக்குவதைவிடப் பெரிய வேலை. எழுத்தைப் பற்றிய எண்ணத்தையே திருப்பிப்போட வேண்டும். புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99 எளிது. தட்டச்சில் ஹையர் தேறிப் பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு அது பின்னடைவு.

இங்கே மென்பொருள் எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். உள்ளே ஒருங்குறி, வெளியே பழைய தட்டச்சுப் பலகை என்று இரண்டையும் இணைத்துக் கொடுத்தார்கள். தட்டச்சு பயின்றவர் தன் விரல்களின் வழக்கப்படியே கொம்பை முதலில் அடிக்கலாம். வரிசையை மாற்றும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். மாறவேண்டியவர் மனிதர் மட்டுமே என்ற எண்ணத்துக்கு இது மறுப்பு. கருவியையும் மனிதருக்காக வளைக்கலாம். பல நேரங்களில் அது பயிற்சியைவிட மலிவு.

கற்கும் காலத்துக்கு யார் சம்பளம் தருவது?

நியூயார்க்கில் 1962 டிசம்பரில் தொடங்கிய நாளிதழ் வேலைநிறுத்தம் 114 நாள் நீடித்தது. தானியங்கி அச்சுக்கோப்பு அதன் மையப் பிரச்சினைகளில் ஒன்று. பின்னர் 1974இல் அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய அச்சுத் தொழிலாளர் சங்கம் 'நியூயார்க் டைம்ஸ்', 'டெய்லி நியூஸ்' நிர்வாகங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. கணினியைக் கொண்டுவர நிர்வாகத்துக்கு உரிமை. பணியில் இருந்த நிரந்தர அச்சுத் தொழிலாளர்களுக்கு ஓய்வுபெறும்வரை வேலை உறுதி. 1978 ஜூலை 2ஆம் தேதிப் பதிப்புக்காக 'டைம்ஸ்' கடைசித் தடவையாக லைனோடைப்பை இயக்கியபோது, அதே ஆட்கள் அதே சம்பளத்தில் புதிய கருவியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இரவை அங்கேயே பிழைதிருத்துநராக இருந்த டேவிட் லோப் வைஸ் ஆவணப்படமாக எடுத்தார். தொழில் மெல்லக் கரைந்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வரவில்லை.

லண்டனில் அந்தக் கணக்கு வேறுவிதமாக முடிந்தது. 1986 ஜனவரியில் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் நான்கு நாளிதழ், வார இதழ்களின் அச்சை வாப்பிங் பகுதியில் கட்டிய புதிய வளாகத்துக்கு மாற்றியது. வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீண்ட போராட்டம் 1987 பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. இங்கும் நிர்வாகத்தைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆள் எண்ணிக்கையையும் பழைய வழக்கங்களையும் விட்டுக்கொடுக்காத சங்கங்களும் பேரம் முறியக் காரணம். ஆனால் கருவி இரண்டு நகரங்களிலும் ஒன்றே. விளைவைப் பிரித்தது ஒப்பந்தம்.

நம் நாட்டில் பொதுத்துறை வங்கிகள் 2000-01இல் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 15 ஆண்டுப் பணி அல்லது 40 வயது என்பதே தகுதி. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அந்த அளவுகோல் வயதையும் பணியாண்டையும் பார்த்தது. யாரிடம் எந்த அறிவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. பேரேட்டில் கூட்டிக் கழிக்கும் அனுபவம் கணினியோடு காலாவதியாகும். ஊரில் யார் கடனைத் திருப்புவார், எந்தத் தொழில் எந்தப் பருவத்தில் தள்ளாடும் என்ற அனுபவம் காலாவதியாகாது. இரண்டையும் ஒரே காசோலையில் வெளியே அனுப்பியது திட்டம்.

இந்த முறை எடுத்துக்கொள்ளப்படுவது எது?

செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கில் புதிய சிக்கலைச் சேர்க்கிறது. எரிக் பிரின்யால்ஃப்சன், டானியெல் லீ, லின்ட்சி ரேமண்ட் மூவரும், 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் வேலை பார்த்தவர்கள். உரையாடும்போதே பதில்களைப் பரிந்துரைக்கும் கருவி வந்த பின், ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14, 15 சதவீதம் கூடின. புதியவர்களிடம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின; மிகத் தேர்ந்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. கருவி பயின்றது தேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்துதான். அவர்களின் பல ஆண்டு அறிவு புதியவர்களின் திரையில் குறிப்பாக வந்து நின்றது.

லைனோடைப் கையை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவைத்தது. இந்தக் கருவி தீர்ப்பிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. புதியவருக்கு இது வரம். ஆனால் குறிப்பைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகுபவர், ஹதானோ சொன்ன இரண்டாவது வகைத் தேர்ச்சிக்கு எப்படிப் போவார்? தவறிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எங்கே கிடைக்கும்? நாளை கருவியே பயில்வதற்கு, தேர்ந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? தம் உழைப்பிலிருந்து கருவி செய்யப்பட்டவர்களுக்கு அதற்கான கூலி எது? நெகிழ்வைப் பற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கேள்விகள் வருவதில்லை.

ஒரு பணியிடத்தில் மாற்றம் வரும்போது, 'இவர் மாறுவாரா' என்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இவரது அறிவில் எவ்வளவு கருவியோடு போகும், எவ்வளவு நிற்கும்? காரணம் அறிந்து வேலை செய்ய இவருக்கு இதுவரை இடம் இருந்ததா? தடுமாறிக் கற்கும் மாதங்களின் சம்பளத்தை யார் ஏற்கிறார்கள்? மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால், பெரும்பாலான மூத்தவர்கள் மாறிவிடுகிறார்கள். 1890களின் அச்சுக்கோப்பவர்களும் 1978இன் நியூயார்க் தொழிலாளர்களும் அதற்குச் சாட்சி. புட்டி ஊதியவர்களைப் போல, அறிவு முழுவதையும் இயந்திரம் விழுங்கிவிட்டவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் மனநிலையை மாற்றிக்கொள்ளச் சொல்வதில் பொருளில்லை. அந்த இயந்திரம் ஈட்டும் லாபத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதைக் கொடுப்பதுதான் முறை.